தவணை தவறிய வண்டி: இந்தியாவிலும் இலங்கையிலும் சட்டம் யார் பக்கம்?

தமிழ்நாட்டில் வங்கிக் கடனில் கார் வாங்கியவரின் ஆர்.சி. புத்தகத்தில் உரிமையாளர் என்ற இடத்தில் அவர் பெயர்தான் இருக்கும். வண்டி இன்ன வங்கிக்கு ஈடாக இருக்கிறது என்ற குறிப்பு அதில் ஒரு வரி. யாழ்ப்பாணத்தில் லீசிங்கில் கார் எடுத்தவர் தன் சி.ஆர். பத்திரத்தில் பதிவு உரிமையாளர் மட்டுமே. முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் நிற்கும். மூலப் பத்திரமும் கம்பனியின் கையில்தான் இருக்கும். இருவரும் முன்பணம் கொடுத்தவர்கள். இருவரும் மாதாமாதம் தவணை கட்டி, இன்ஷூரன்ஸ் புதுப்பித்து, டயர் மாற்றி ஓட்டுகிறவர்கள். ஆனால் மூன்று தவணை நின்றுபோன ஒரு காலையில் வாசலில் ஆட்கள் வந்து சாவியைக் கேட்கும்போது, சட்டத்தின் முன் இருவரும் ஒரே இடத்தில் இல்லை.

இந்தியாவில் இன்று பெரும்பாலான வாகனக் கடன்கள் ஈட்டுக் கடன்கள். வண்டி கடன் வாங்கியவருடையது. கடன் கொடுத்தவருக்கு அதன் மேல் ஒரு பிடிமானம் மட்டுமே உண்டு. தவணை தவறினால் நிறுவனம் வண்டியை எடுக்கலாமா? எடுக்கலாம் என்றும், இப்படி எடுக்கக் கூடாது என்றும் உச்ச நீதிமன்றம் இரண்டையும் சொல்லியிருக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்காதவர்கள்தான் ஏமாந்துபோகிறார்கள்.

2007இல் ஐசிஐசிஐ வங்கி தொடர்பான வழக்கில், கடன் வசூலுக்கு அடியாட்களை அனுப்புவதை உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. 2011இல் சிட்டிகார்ப் மாருதி ஃபைனான்ஸ் வழக்கில், வாகனத்தை மீட்பதானாலும் சட்ட வழியில்தான் மீட்க வேண்டும், பலவந்தம் செல்லாது என்று உறுதியாகச் சொன்னது. அதே நீதிமன்றம் 2020இல் மேக்மா ஃபின்கார்ப் வழக்கில் வேறொன்றையும் சொன்னது. வாடகைக் கொள்முதல் ஒப்பந்தமாக இருந்தால், கடைசித் தவணை வரை வண்டி நிறுவனத்துக்கே சொந்தம். முன்னறிவிப்புத் தேவையா இல்லையா என்பதை ஒப்பந்தத்தின் வாசகமே தீர்மானிக்கும். ஆக, ஒப்பந்தம் இடம் கொடுத்தால் நிறுவனம் நீதிமன்றப் படியேறாமலே வண்டியை எடுக்க முடியும். கை ஓங்கத்தான் முடியாது.

ஒப்பந்த வாசகத்தின் மேல் ரிசர்வ் வங்கி ஒரு கடிவாளம் போட்டிருக்கிறது. வங்கி அல்லாத நிதி நிறுவனங்களுக்கான நியாய நடைமுறை விதிகளின்படி, வண்டியை எடுக்கும் முன் எத்தனை நாள் அறிவிப்பு, எந்தச் சூழலில் அறிவிப்பு தேவையில்லை, எடுக்கும் முறை என்ன, விற்பதற்கு முன் பணம் கட்டக் கடைசி வாய்ப்பு எப்படி, திருப்பிக் கொடுக்கும் முறை என்ன, ஏலம் எப்படி என்பதெல்லாம் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். ஒப்பந்தத்தின் நகலைக் கடன் வாங்கியவருக்குத் தர வேண்டும். அவருக்குப் புரியும் மொழியில் விஷயங்களைத் தெரிவிக்கவும் வேண்டும். நடப்பது என்ன? ஷோரூமில் பென்சிலால் புள்ளி வைத்த இடங்களிலெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு, சாவியுடன் போட்டோ எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறோம். கேட்டு வாங்கியிருந்தால் பின்னால் காப்பாற்றியிருக்கும் அந்த நகலை யாரும் கேட்பதில்லை.

வசூலுக்கு வருகிறவர் அடையாள அட்டையும் நிறுவனத்தின் அங்கீகாரக் கடிதமும் வைத்திருக்க வேண்டும். காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் போனில் அழைக்கக் கூடாது என்று 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி மறுபடியும் எச்சரித்தது. அடுத்த மாதமே ஜார்கண்ட் மாநிலம் ஹசாரிபாக்கில் டிராக்டரை எடுக்கப் போன இடத்தில், அதே டிராக்டரின் சக்கரத்தில் சிக்கிக் கர்ப்பிணிப் பெண் ஒருவர் இறந்தார். வெளி ஆட்களை வைத்து வண்டி எடுப்பதை உடனே நிறுத்தும்படி மகிந்திரா ஃபைனான்ஸுக்கு ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. சில மாதங்களில் தடை நீக்கப்பட்டது. ஓர் உயிர் போன பிறகுதான் விதிக்குப் பல் முளைத்தது. அதுவும் கொஞ்ச காலத்துக்கு.

2023 மே மாதம் பாட்னா உயர் நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. ஆட்களை வைத்து வழியில் மறித்து வண்டியைப் பிடுங்குவது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையையும் வாழ்வாதார உரிமையையும் மீறுவது என்றது. ஈட்டுச் சொத்தை எடுத்துக் கடனை வசூலிப்பதற்கான சர்ஃபேசி சட்டம் போன்ற சட்டப்படியான வழியில்தான் போக வேண்டும் என்று சொல்லி, தவறிய நிறுவனங்களுக்கு அபராதமும் விதித்தது. சர்ஃபேசி சட்டத்தில் 60 நாள் அறிவிப்பு உண்டு, ஆட்சேபம் சொல்ல வழி உண்டு. ஆனால் வங்கி அல்லாத நிதி நிறுவனங்கள் அந்தச் சட்டத்தைப் பயன்படுத்த வேண்டுமானால் கடன் 20 லட்சம் ரூபாய்க்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஆட்டோ, டாட்டா ஏஸ், பழைய ஆம்னி என்று கடன் வாங்கும் நம் ஊர் ஆட்களில் எத்தனை பேர் அந்த எல்லைக்குள் வருவார்கள்?

சென்னையில் இதற்கு வேறொரு பாதை இருக்கிறது. கடன் ஒப்பந்தத்தில் நடுவர் மன்றப் பிரிவு இருக்கும். 1996ஆம் ஆண்டின் நடுவர் தீர்ப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவில் மனுப்போட்டு, வழக்கறிஞர் ஆணையர் ஒருவரை நியமிக்கச் செய்து, அவர் மூலம் வண்டியை எடுப்பார்கள். நீதிமன்ற உத்தரவு இருப்பதால் இது முறையான வழிதான். ஆனால் உத்தரவு பல நேரங்களில் எதிர்த்தரப்பைக் கேட்காமலே பிறந்துவிடுகிறது. திருநெல்வேலியில் இருப்பவர், வண்டி போன பிறகுதான் சென்னையில் தன் பெயரில் வழக்கு இருப்பதை அறிகிறார். பின்னால் நடுவராக வருகிறவரும் நிறுவனமே தன்னிச்சையாக நியமித்தவராக இருப்பார். ஆனால் வழக்கின் முடிவில் அக்கறை உள்ள ஒரு தரப்பே தனி நடுவரை நியமிப்பது செல்லாது என்று 2019இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 'ஏலத்தில் விற்றது போக இன்னும் இரண்டு லட்சம் பாக்கி' என்று நடுவர் தீர்ப்புடன் நோட்டீஸ் வருகிறபோது எடுத்துக்காட்ட வேண்டிய முதல் வாதம் இதுதான்.

ஈட்டுக் கடன் என்பதால் வரும் பெரிய உரிமை வண்டி விற்ற பிறகுதான் வெளிச்சத்துக்கு வருகிறது. விற்ற தொகை பாக்கியைவிட அதிகமாக இருந்தால் மிச்சம் கடன் வாங்கியவருக்குச் சேர வேண்டும், ஏனென்றால் விற்றது அவருடைய வண்டி. பறித்த வண்டிகள் 'சீசிங் வண்டி' என்று சந்தையில் மலிவாகப் போவதற்கும் இந்த உரிமையை யாரும் கேட்காததற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. பெயர் மாற்றத்திலும் ஒரு தடுப்பு இருக்கிறது. வண்டியை எடுத்த நிறுவனம் ஆர்.சி.யைத் தன் பெயருக்கு மாற்றக் கேட்டால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 51ஆம் பிரிவின்படி ஆர்.டி.ஓ. அலுவலகம் பதிவு உரிமையாளருக்கு விளக்கம் சொல்ல வாய்ப்புக் கொடுக்க வேண்டும். அந்தத் தபாலுக்குப் பதில் எழுதுகிறவர்கள் அபூர்வம்.

பாக்கு நீரிணையைத் தாண்டினால் தரையே மாறிவிடுகிறது. இலங்கையில் வாகனம் வாங்கும் பிரதான வழி லீசிங். 2000ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டத்தின்கீழ் வண்டியின் உரிமை கம்பனியிடம். பயன்பாடு மட்டுமே குத்தகையாளரிடம். தவணை தவறினால் ஒப்பந்தத்தை முறித்துத் தன் பொருளைத் திரும்ப எடுக்கிறேன் என்று கம்பனி சொல்ல முடியும். 'என் காரைப் பறித்துவிட்டார்கள்' என்று பொலிசுக்குப் போகிறவரிடம், 'யார் பெயரில் இருக்கிறது?' என்ற கேள்விதான் முதலில் வரும்.

போர் முடிந்த 2009க்குப் பிறகு வடக்கில் இந்த வியாபாரம் எப்படிப் பரவியது என்பதைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. ஏ9 பாதை திறந்ததும் வங்கிகளுடன் லீசிங் கம்பனிகளும் யாழ்ப்பாணம், கிளிநொச்சி எங்கும் கிளை திறந்தன. போரில் எல்லாவற்றையும் இழந்த குடும்பங்களுக்கு முன்னால் ஓட்டோவும் மோட்டார் சைக்கிளும் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரமும் தவணையில் வந்து நின்றன. தொழில் தொடங்க வேறு முதல் இல்லை, எடுத்தார்கள். ஊரில் சம்பளம் வாங்கும் ஆசிரியரோ அலுவலரோ பிணை நின்றார்கள். ஒரு போகம் பொய்த்தால், கடல் சில மாதம் கைவிட்டால், தவணை நின்றது. வண்டி போனதோடு பிணை நின்றவரின் சம்பளமும் கேள்விக்குள்ளானது.

2020இல் இன்னொரு திருப்பம். மார்ச் மாதம் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. பழைய வண்டிகளின் விலை ஏறியது. வாங்கிய விலையைவிட அதிகம் போன வண்டிகள் உண்டு. அப்படிப்பட்ட காலத்தில் தவணை தவறிய வண்டி கம்பனிக்கு நட்டம் அல்ல. 2022இல் பொருளாதார நெருக்கடி உச்சத்தில் இருந்தபோது, கியூ.ஆர். எரிபொருள் பங்கீட்டு முறையில் முச்சக்கர வண்டிக்கு வாரம் 5 லீட்டர் பெட்ரோல்தான் கிடைத்தது. 5 லீட்டரில் எத்தனை ஹயர் ஓட முடியும், எதைக் கொண்டு தவணை கட்ட முடியும்? வட்டியோ ஏறிக்கொண்டிருந்தது. அந்த மாதங்களில் ஓட்டோவைப் பறிகொடுத்தவரைக் கடன் கட்ட மனமில்லாதவர் என்று சொல்வது அநியாயம். இந்தியாவில் என்றால் கூடுதல் விலைக்கு விற்ற மிச்சத்தை உரிமையாகக் கேட்கலாம். லீசிங்கில் கம்பனி விற்பது தன் பெயரில் உள்ள சொத்தை. மிச்சக் கணக்கைக் கேட்கிறவர் முதலில் புரட்ட வேண்டியது தன் ஒப்பந்தத்தையே.

இலங்கை மத்திய வங்கியும் சும்மா இருக்கவில்லை. நிதி நிறுவன வாடிக்கையாளர் பாதுகாப்புக்கு 2018இல் ஒரு பணிப்புரை வந்தது. 2020இல் நிதி நுகர்வோருக்கென்றே தனித் திணைக்களம் உருவானது. 2023 ஆகஸ்டில் நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வெளியாயின. 1935 என்ற எண்ணுக்கு அழைத்து முறையிடலாம். கட்டணமில்லாமல் விசாரிக்கும் நிதிக் குறைகேள் அதிகாரி 2003 முதல் இருக்கிறார். இந்தியாவில் ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் இருக்கிறார். நிறுவனத்துக்கு எழுதி 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் அவரிடம் போகலாம். அதோடு மாவட்ட நுகர்வோர் ஆணையமும் உண்டு. என் கணிப்பில் இந்த ஒரு விஷயத்தில் இந்தியக் கடனாளியின் கை ஓங்கியிருக்கிறது. முறையற்ற பறிமுதலுக்கு இழப்பீடு கொடு என்று நுகர்வோர் ஆணையங்கள் பல ஆண்டுகளாகத் தீர்ப்பளித்து வந்திருக்கின்றன.

இரு நாடுகளும் ஒரே நல்ல சட்டத்தைக் கையில் வைத்திருந்து இழந்த கதைதான் என்னை மிகவும் வருத்துகிறது. 1930களில் இங்கிலாந்தில், கடைசிச் சில தவணைகள் பாக்கியிருக்கும்போது பொருளைப் பிடுங்கி மறுபடி விற்கும் வழக்கம் இருந்தது. எலன் வில்கின்சன் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் கொண்டுவந்த மசோதா 1938இல் சட்டமானது. மூன்றில் ஒரு பங்கு கட்டியாகிவிட்டால் நீதிமன்ற உத்தரவில்லாமல் பொருளை எடுக்கக் கூடாது என்றது அது. அதே எண்ணம் இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டத்தில் இடம்பெற்றது: குறிப்பிட்ட பங்கு கட்டியவரிடமிருந்து வழக்கின் மூலமே மீட்க முடியும். நாடாளுமன்றம் நிறைவேற்றிய அந்தச் சட்டம் நடைமுறைக்கு வரவே இல்லை. 2005இல் அதை ரத்து செய்துவிட்டார்கள். இலங்கையோ 1982ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க நுகர்வோர் கடன் சட்டத்தில் அதைச் சேர்த்தது. முக்கால் பங்கு கட்டியவரின் பொருளை நீதிமன்றம் போகாமல் எடுக்க முடியாது. சட்டம் இருக்கிறது. ஆனால் அது வாடகைக் கொள்வனவுக்கானது. வியாபாரம் லீசிங்குக்கு நகர்ந்துவிட்டது. ஒரு நாட்டில் பாதுகாப்பு பிறக்காமலே போனது. இன்னொரு நாட்டில் பிறந்தும், ஒப்பந்தத்தின் வகை மாறியதால் பயனற்றுப் போனது. நாலரை வருடம் ஒழுங்காகக் கட்டி ஆறு தவணை பாக்கி வைத்தவரும், முதல் தவணையே கட்டாமல் ஓடியவரும் இன்று வீதியில் ஒரே மாதிரி நடத்தப்படுகிறார்கள் என்றால் காரணம் இதுதான்.

வண்டியைத் தேடி ஆட்கள் வந்தால் செய்ய வேண்டியவை இரு கரையிலும் பெரும்பாலும் ஒன்றுதான். அடையாள அட்டையையும் அங்கீகாரக் கடிதத்தையும் கேளுங்கள், வீடியோ எடுங்கள். மறித்தாலோ மிரட்டினாலோ சாவியைக் கொடுக்காமல் பொலிசை அழையுங்கள். கடன் பாக்கி இருப்பது மிரட்டலைக் குற்றமில்லாததாக ஆக்கிவிடாது. மனமுவந்து ஒப்படைக்கிறேன் என்ற சரண்டர் லெட்டரில் கையெழுத்து வாங்கத்தான் முதலில் முயல்வார்கள். அதில் போடும் கையெழுத்து, பின்னால் நீங்கள் தொடுக்கும் வழக்கின் கழுத்தை அறுத்துவிடும். போடாதீர்கள். வண்டி போய்விட்டால் உள்ளே இருந்த பொருட்களின் பட்டியல், கிலோமீட்டர் அளவு, வண்டியின் நிலை எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள். அன்றே பதிவுத் தபாலில் நிறுவனத்துக்கு எழுதுங்கள்: பாக்கி எவ்வளவு, கட்டினால் எப்போது திரும்பக் கிடைக்கும், ஏலம் எந்தத் தேதி, விலையை மதிப்பிட்டது யார். பகுதித் தொகை கட்ட முடிந்தால் ரசீதுடன் கட்டுங்கள். பிணை நின்றவருக்கும் சொல்லிவிடுங்கள். அவருக்கும் இந்தக் கேள்விகளைக் கேட்கும் உரிமை உண்டு.

சட்டமியற்றுவோரிடம் கேட்க ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. கடனின் பெரும்பகுதியைக் கட்டியவரின் வண்டியை, ஒப்பந்தத்துக்கு ஈடு என்று பெயரிட்டாலும் லீசிங் என்று பெயரிட்டாலும், நீதிமன்ற உத்தரவில்லாமல் எடுக்கக் கூடாது என்று சென்னையிலும் டில்லியிலும் கொழும்பிலும் சட்டம் வர வேண்டும். தேர்தல் காலத்தில் வாகனத் தொழிலாளர் சங்கங்கள் கட்சிகளிடம் கொடுக்கும் கோரிக்கைப் பட்டியலில் இது முதல் வரியாக இருக்க வேண்டும். அதுவரை, உங்கள் பெயரில் ஒரு வாகனக் கடன் ஓடிக்கொண்டிருந்தால், ஒப்பந்த நகல் கேட்டு நிறுவனத்துக்கு இந்த வாரமே ஒரு கடிதம் எழுதிவிடுங்கள்.