ஒரே சொல் போதுமா?

சாத்தூரிலிருந்து கோவில்பட்டி செல்லும் நான்கு வழிச் சாலையில் பயணம் செய்திருக்கிறீர்களா? வண்டிப் பட்டறைகளின் வாசலில் ‘வீல் அலைன்மென்ட் பார்க்கப்படும்’ என்ற பலகையைக் கண்டிருப்பீர்கள். பள்ளிப் படிப்பு இல்லாத ஓட்டுநருக்கும் அதன் பொருள் தெரியும். சக்கரங்கள் கோணிக்கொண்டு நின்றால் டயர் ஒரு பக்கமாகத் தேயும். வண்டி ஓரமாக இழுக்கும். அதைச் சரிசெய்து தருகிறார்கள்.

இதே சொல்லை இன்று ஆராய்ச்சி உலகில் திரும்பிய பக்கமெல்லாம் கேட்கலாம். உயிரியலார் மரபணு வரிசைகளை ‘அலைன்’ செய்கிறார்கள். இயற்பியலார் திரவப் படிகத்தின் மூலக்கூறுகளைச் செய்கிறார்கள். கல்வியியலார் பாடத்திட்டத்தையும் தேர்வையும், மேலாண்மை இயலார் முதலாளி தொழிலாளி நலன்களையும் செய்கிறார்கள். செயற்கை அறிவு ஆய்வில் இது ஒரு தனித்துறையாகவே ஆகிவிட்டது. இவை யாவும் ஒரே கருத்தின் பல வடிவங்களே, ஆதலால் தமிழிலும் இதற்கு ஒரே கலைச்சொல் வேண்டும் என்று சொல்வோர் உண்டு. அந்த வாதத்தை ஏற்பதற்கு முன் ஒவ்வொரு துறையிலும் உண்மையில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

அந்த நெடுஞ்சாலையை விட்டு விலகி மேற்கே உள்ளே போனால் ஏழாயிரம்பண்ணை வரும். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் பேர்போன வட்டாரம். இயந்திரங்கள் பரவுவதற்கு முன்னால், தீப்பெட்டித் தொழிலில் மிகுதியான கைகள் ஈடுபட்ட வேலைகளுள் ஒன்று கட்டை அடுக்குதல். சிறு பள்ளங்கள் வரிசையாக வெட்டப்பட்ட மெல்லிய மரச் சட்டங்கள் இருக்கும். பள்ளத்துக்கு ஒரு குச்சியாக வைத்து, ஒரு சட்டத்தின்மேல் மறு சட்டத்தை அடுக்கி இறுக்கிவிடுவார்கள். ஒரு கட்டையில் ஆயிரக்கணக்கான குச்சிகள் நிற்கும். அவற்றின் நுனியை முதலில் உருகிய மெழுகிலும் பிறகு மருந்திலும் தோய்ப்பார்கள். ஒரு குச்சி வெளியே துருத்தினால் அதில் மருந்து அப்பிக்கொள்ளும். உள்ளே இழுத்துக்கொண்டால் தலையே இல்லாத குச்சியாகிவிடும். நெருங்கி நின்றால் இரண்டு தலைகள் ஒட்டிக்கொள்ளும்.

அலைன்மென்ட் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. நேர்ப்படுத்த வேண்டிய பொருள் குச்சி. எதனோடு நேர்ப்பட வேண்டும் என்பதைப் பள்ளம் சொல்கிறது. சரியாக அமைந்ததா என்பதைக் கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம். முக்கியமாக, குச்சிக்கு இதில் சொந்த விருப்பம் ஏதும் கிடையாது.

திரவப் படிகங்களும் ஏறக்குறைய இந்த வகையைச் சேர்ந்தவையே. உங்கள் கைக்கடிகாரத்திலும் கணக்கிடும் கருவியிலும் எண்கள் தெரிவதற்குக் காரணமான அந்தப் பொருளில், கோல் வடிவ மூலக்கூறுகள் ஏறத்தாழ ஒரே திசையை நோக்கி நிற்கின்றன. கண்ணாடித் தகட்டின் மேல் பூசிய பாலிமர்ப் படலத்தைத் துணியால் ஒரே திசையில் தேய்த்துவிட்டால் போதும். மூலக்கூறுகள் அந்தத் திசையிலேயே படிந்துகொள்ளும். எவ்வளவு ஒழுங்காகப் படிந்தன என்பதைச் சொல்ல ஓர் எண்ணும் உண்டு: எல்லாம் ஒரே திசை என்றால் 1, முழுக் குழப்பம் என்றால் 0. கோல் வடிவம் மட்டுமன்றித் தட்டு வடிவ மூலக்கூறுகளும் இப்படி ஒழுங்கு கொள்ளும் என்பதை 1977இல் கண்டறிந்தவர் பெங்களூர் இராமன் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய எஸ். சந்திரசேகரும் அவருடைய குழுவினரும். (நோபல் பரிசு பெற்ற வானியற்பியலாளர் சந்திரசேகர் வேறொருவர், மாணவர்கள் அடிக்கடி குழப்பிக்கொள்கிறார்கள்.)

உயிரியலுக்கு வரும்போது நிலைமை மாறுகிறது. இரண்டு உயிரிகளின் புரதத்தையோ டி.என்.ஏ.வையோ எழுத்து வரிசைகளாக எழுதி, ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து ஒப்பிடுகிறார்கள். காலப்போக்கில் சில எழுத்துகள் மாறியிருக்கும், சில விழுந்திருக்கும், சில புதிதாய் நுழைந்திருக்கும். ஆகவே ஆங்காங்கே இடைவெளி விட்டு நிரப்ப வேண்டும். இதற்கு ஒழுங்கான கணக்குமுறையை நீடில்மன், வுன்ஷ் என்ற இருவர் 1970இல் தந்தார்கள். 1981இல் சுமித், வாட்டர்மன் இருவரும் அதை வளர்த்தார்கள். முறை என்னவென்று நமது ஊர்ப் பெயர்களைக் கொண்டே விளக்கலாம். சாத்தூர், சாத்தனூர் என்ற இரு பெயர்களை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவதில் நான்கு எழுத்து, இரண்டாவதில் ஐந்து. ஓர் இடைவெளி விட்டாக வேண்டும். எங்கே விடுவது?

சா த் தூ * ர்
சா த் த னூ ர்

என்று எழுதலாம். அல்லது,

சா த் * தூ ர்
சா த் த னூ ர்

என்றும் எழுதலாம். முதல் அமைப்பில் ‘தூ’வுக்கு நேரே ‘த’ வருகிறது, மெய்யொலி ஒன்றுபடுகிறது. இரண்டாவதில் ‘தூ’வுக்கு நேரே ‘னூ’ வருகிறது, உயிரொலி ஒன்றுபடுகிறது. எது சரி? மெய் ஒன்றுபட்டால் கூடுதல் மதிப்பெண் என்று விதி வைத்தால் முதலாவது வெல்லும். உயிருக்குக் கூடுதல் என்றால் இரண்டாவது வெல்லும். கணிப்பொறி பிழையின்றிக் கூட்டிக் கழித்துச் சொல்லும். ஆனால் மதிப்பெண் விதியைக் கொடுத்தது நாம். புரதங்களுக்கான அத்தகைய மதிப்பெண் அட்டவணைகளுள் புகழ்பெற்றது மார்கரெட் டேஹாஃப் என்ற அமெரிக்க அறிஞர் 1978இல் தம் குழுவினருடன் வெளியிட்டது. ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவுள்ள புரதங்களில் எந்த மாற்றம் எத்தனை முறை நேர்ந்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்துத்தான் அவர் மதிப்பெண் வகுத்தார். மனம்போன போக்கில் வகுத்ததன்று.

இன்னொன்றையும் கவனியுங்கள். சாத்தூருக்கும் சாத்தனூருக்கும் பதிலாக, தொடர்பே இல்லாத இரு பெயர்களைக் கொடுத்தாலும் கணக்குமுறை சளைக்காமல் ‘மிகச் சிறந்த’ ஓர் அமைப்பைக் கொடுத்துவிடும். நேர்ப்படுத்த முடிந்தது என்பதாலேயே உறவு இருக்கிறது என்று ஆகிவிடாது. அதனால்தான் 1990இல் வந்த பிளாஸ்ட் போன்ற தேடல் முறைகள், இந்த அளவு ஒற்றுமை தற்செயலாகவே எத்தனை இடங்களில் கிடைத்திருக்கும் என்ற கணக்கையும் கூடவே தருகின்றன. மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு அந்த எண்ணைப் பாராமல் விடுவது மாணவர்கள் செய்யும் பெரும் பிழை.

மொழிபெயர்ப்பு இயந்திரங்களிலும் இந்தச் சிக்கல் உண்டு. 1990களின் தொடக்கத்தில் ஐ.பி.எம். ஆய்வாளர்கள் கனடா நாடாளுமன்றத்தின் பிரெஞ்சு, ஆங்கில நடவடிக்கைக் குறிப்புகளைக் கொண்டு, எந்தச் சொல்லுக்கு எந்தச் சொல் இணை என்று கணிப்பொறியே கண்டுபிடிக்கும் வழியை வகுத்தார்கள். தமிழில் ‘வரவில்லையாம்’ என்பது ஒரே சொல். ஆங்கிலத்தில் அதைச் சொல்ல ஐந்தாறு சொற்கள் வேண்டும். கடைசியில் நிற்கும் அந்த ‘ஆம்’ எந்த ஆங்கிலச் சொல்லின் கணக்கில் சேரும்? சொல்லை அலகாகக் கொள்வதே நமது மொழிக்குப் பொருந்தாத ஏற்பாடு.

சரி, பொறியியலில் கோடு கோடாகவே இருக்கிறதல்லவா? சாலைக்கும் கால்வாய்க்கும் ‘அலைன்மென்ட்’ என்பதை நாம் வழித்தடம் என்கிறோம். 2005இல் தொடங்கிய சேதுசமுத்திரத் திட்டத்தில் ஆறாவது வழித்தடம் பற்றி எழுந்த சர்ச்சையை நினைத்துப் பாருங்கள். தேர்ந்தெடுத்த கோட்டில் தோண்டுவது பொறியியல். எந்தக் கோடு என்பதோ உச்ச நீதிமன்றம்வரை சென்றது.

அரசியலிலும் இச்சொல்லுக்கு நமக்குத் தனிச்சொல் உண்டு. 1961இல் பெல்கிரேடில் கூடிய நாடுகளை அணிசேரா நாடுகள் என்றோம். ஏழாயிரம்பண்ணைக்கு அதற்கும் முந்தைய அனுபவம் இருக்கிறது. கட்டபொம்மனோடு அணி சேர்ந்ததற்காக 1799இல் கும்பெனியார் பறிமுதல் செய்த பாளையங்களில் அதுவும் ஒன்று. அணி என்பதில் இரு தரப்பும் தாமாக முடிவெடுக்கின்றன. பள்ளத்தில் குச்சியை வைப்பது போல் யாரும் பாளையத்தை எடுத்து வைக்கவில்லை.

இப்போது என் மறுப்பின் காரணம் புலப்படும். தமிழில் வழித்தடம், நேரமைவு, ஒப்புநிரை, அணி என்று சொற்கள் சிதறிக் கிடப்பதைக் குறை என்று கருதுகிறோம். உண்மையில், ஆங்கிலத்தின் ஒரே சொல் மூடி மறைத்த வேறுபாட்டை அவை வெளியே காட்டுகின்றன. மூலக்கூறுக்கு எதிரே ஒரு திசை இருக்கிறது. வரிசைகளுக்குப் பின்னே பொது மூதாதை ஒன்று இருந்ததா இல்லையா என்ற உண்மை இருக்கிறது. நாம் அதை ஊகிக்கிறோம். ஆனால் மனிதர்களின் நலன்களை நேர்ப்படுத்துவதாகச் சொல்லும்போது, எந்தக் கோட்டோடு என்பதே வழக்குக்குரிய பொருள். ஒரே சொல்லைப் பயன்படுத்தும்போது முதல் வகையின் கண்ணியம் மூன்றாம் வகைக்கு இலவசமாகக் கிடைத்துவிடுகிறது. பட்டறையில் சக்கரத்தைத் திருகுவது போன்ற வெறும் தொழில்நுட்பக் காரியமாக அது தோன்றத் தொடங்குகிறது.

இதன் விளைவை அறிய வெளிநாடு போக வேண்டியதில்லை. கட்டை அடுக்கச் சிறு விரல்களே ஏற்றவை என்று ஒரு காலத்தில் சொல்லப்பட்டது. வேகத்தை மட்டும் கோடாக வைத்தால் விரலும் பள்ளமும் பொருந்தித்தான் போகும்! சிவகாசிச் சிறுவர் தொழில் பற்றி எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒவ்வொரு சிறுவருக்கும் அமர்த்தியவர் 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்று அது கூறியது. பள்ளிக்கூடம் என்ற வேறொரு கோட்டை வைத்து அளந்த தீர்ப்பு அது.

எண்ணிக்கைக் கூலியும் இத்தகையதே. இத்தனை உருப்படிக்கு இவ்வளவு கூலி என்றால், கூடுதல் உற்பத்தி வேண்டும் என்ற முதலாளியின் நலனும் கூடுதல் கூலி வேண்டும் என்ற தொழிலாளியின் நலனும் ஒரே திசையில் நிற்கின்றன. மேலாண்மை நூல்கள் இதை நல்ல அலைன்மென்ட் என்று பாராட்டக்கூடும். ஆனால் பட்டாசு மருந்து உராய்வுக்கு அஞ்ச வேண்டிய பொருள். அதை அடைக்கும் கை நிதானமாக இயங்க வேண்டும். கூலி விதியில் நிதானத்துக்கு மதிப்பெண் இல்லை. 1975இல் அமெரிக்க அறிஞர் ஸ்டீவன் கெர் எழுதிய கட்டுரை ஒன்று இதைத்தான் பேசியது: ஒன்றை எதிர்பார்த்துக்கொண்டு வேறொன்றுக்குப் பரிசு கொடுக்கிறோம் என்றார் அவர்.

2021 பிப்ரவரி 12 அன்று ஏழாயிரம்பண்ணை அருகே அச்சங்குளத்தில் ஒரு பட்டாசு ஆலை வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்த விபத்துக்கு எண்ணிக்கைக் கூலியே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அமைத்த குழு, ஆலை உள்குத்தகைக்கு விடப்பட்டிருந்ததைச் சுட்டிக்காட்டியது. உரிமம் ஒருவர் பெயரில், வேலை வாங்குவது வேறு சிலர் என்றால், பாதுகாப்பு விதி யாரோடு நேர்ப்பட்டு நிற்கும்?

செயற்கை அறிவு ஆய்வாளர்களின் கவலையும் இதே இடத்தில்தான் தொடங்குகிறது. 1960இலேயே நார்பர்ட் வீனர் எச்சரித்தார்: நாம் குறுக்கிட்டு நிறுத்த முடியாத வேகத்தில் இயங்கும் பொறிக்கு ஒரு நோக்கத்தைக் கொடுக்கும்போது, அதுவே நாம் உண்மையில் விரும்பும் நோக்கமா என்று நிச்சயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்பது அவர் கருத்தின் சாரம். 2016இல் ஓப்பன் ஏஐ ஆய்வாளர்கள் ஒரு படகுப் பந்தய விளையாட்டைக் கணிப்பொறிக்குக் கற்பித்தார்கள். வெற்றிக்கு அடையாளமாகப் புள்ளிகளை வைத்தார்கள். படகு பந்தயத்தை முடிக்கவே இல்லை. ஒரு மூலையில் வட்டமடித்து, மற்றவற்றில் மோதி, தீப்பற்றி எரிந்துகொண்டே புள்ளிகளை அள்ளியது! கெர் சொன்னதற்கும் இதற்கும் வேறுபாடு என்ன?

ஆயினும் இந்த ஆய்வுகளைப் பற்றி எனக்கொரு குறை உண்டு. ‘மனித நோக்கங்களோடு நேர்ப்படுத்துதல்’ என்று எழுதுகிறார்கள். மனிதர் எல்லோருக்கும் ஒரே நோக்கம் இருப்பது போல! ஆலை முதலாளி, போர்மேன், மருந்து அடைப்பவர், தீபாவளிக்கு வெடி வாங்கும் வீடு, புகையில் மூச்சுத் திணறும் ஆஸ்துமாக்காரர், இவர்களில் யாருடைய நோக்கம்? இத்துறையில் இக்கேள்வியை எழுப்புவோர் இல்லாமலில்லை. ஆனால் கட்டுரைகளின் தலைப்பில் அது தெரிவதில்லை. இதற்குத் தமிழில் ‘சீரமைப்பு’ என்று எழுதுவதைப் பார்க்கிறேன். அது தூர்ந்த கண்மாய்க்குப் பொருந்தும் சொல். ‘இசைவு’ என்பதே தக்கது. பொருத்தம், சம்மதம் என்ற இரு பொருளும் அதில் உண்டு. இசைவு என்றவுடன் யார் இசைந்தார், யாரைக் கேட்டார்கள் என்ற கேள்வி தானே எழும். உயிரியலுக்கு ஒப்புநிரையும் பொறியியலுக்கு வழித்தடமும் இருந்துவிட்டுப் போகட்டும்.

கடைசியாக ஒன்று. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் மாசு குறைந்த பட்டாசுகளுக்கு மட்டும் இடம் தந்தது. நாக்பூரிலுள்ள நீரி ஆய்வுக்கூடம் அதற்கான கலவைகளை வகுத்தது. பேரியம் உப்புகள் விலக்கப்பட்டன. நுண்துகள் மாசு ஏறத்தாழ 30 சதவீதம் குறைய வேண்டும் என்பது இலக்கு. நகரத்து மக்களின் நுரையீரலைக் கோடாக வைத்து அளந்த, அளக்கத்தக்க, நல்ல இலக்கு. அந்த 30 சதவீதத்தில் வெடித்த பிறகு எழும் புகை அடங்குகிறது. வெடிக்கும் முன்பு மருந்து கலக்கும் அறை அடங்கவில்லை. அந்த அறைக்கு 2008ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகள் தனியாக உள்ளன. ஓர் அறையில் எத்தனை பேர், எவ்வளவு மருந்து என்பதை அவை வரையறுக்கின்றன. அதைப் பார்வையிடுவது பெசோ என்ற வேறு அலுவலகம்.