ஒழுங்கில் வினைகளும் வர்க்கமும்: இத்தாலிய இலக்கணம் பற்றிய ஒரு குறிப்பு

இத்தாலிய மொழியிற் போதலைக் குறிக்கும் ‘அந்தாரே’ என்னும் வினை, ‘போகிறேன்’ என்னுமிடத்து ‘வாதோ’ எனவும், ‘போகிறோம்’ என்னுமிடத்து ‘அந்தியாமோ’ எனவும் திரியும். பாடநூல்கள் இதனை விதிவிலக்கெனப் பட்டியலிட்டு அமைந்துவிடுகின்றன. ஆயின் இருத்தல், போதல், செய்தல், வருதல் என நாளாந்தம் மிகுதியும் வழங்கும் வினைகளே ஒழுங்கற்று நிற்பது தற்செயலன்று. ஓயாத வழக்கே பழைய வடிவங்களை நிலைக்கச் செய்கிறது.

எவருடைய வழக்கு என்பதே நமது வினா. 1861இல் நாடு ஒன்றிணைந்தபோது இத்தாலிய மொழியைக் கையாள வல்லோர் நூற்றுக்கு 2.5 பேரே என்பது துல்லியோ தெ மௌரோவின் கணிப்பு. ஏனையோர் தத்தம் கிளைமொழியினர். அவர்களுக்கு இவ்வாய்பாடுகள் ஏட்டிலேயே இருந்தன.

1975இல் வெளிவந்த ‘ஃபந்தோத்சி’ திரைப்படம் சிற்றலுவலரின் பிழைபட்ட மரியாதை ஏவலை நகைப்புக்குரியதாக்கிற்று. ‘போங்கள்’ எனும் பொருளில் ‘வாதா’ எனற்பாலதை ‘வாதி’ என்பது அவ்வகைப் பிழை. ‘பேசுங்கள்’ என்பதற்குரிய ‘பார்லி’யை ஒப்பவைத்து ஆக்கிய வடிவமது. அதில் தருக்கம் உண்டு. இல்லாதது சமூக அங்கீகாரமே.

எனினும், பிழையைப் போற்றுதலே முற்போக்கு என்பாரோடு (அவர் தொகை சிறிதன்று) நாம் உடன்படோம். விதிமுறை இலக்கணம் அரசியற் செயலே என்று 1935இற் சிறைக் குறிப்பேட்டில் எழுதிய கிராம்சி, அதனைப் பள்ளியினின்று நீக்குவதை எதிர்த்தார். வீட்டிலேயே ‘வாதா’ எனக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு வாய்பாடு வேண்டியிருக்கவில்லை. சார்தீனிய உழவர் பிள்ளைக்கோ அது பள்ளியிலன்றி வேறெங்கும் கிட்டியதில்லை.