மெரிக்கன் உண்டு, கங்காணி இல்லை

மலேசியாவின் கெடா மாநிலத் தமிழர் வாழ்வில் தொழிலைச் சொல்லும் பெயர்களுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. துறைமுகத்தில் மரைக்காயரும் நாகுதாவும், பட்டணத்துக் கடைத்தெருவில் செட்டியாரும், தோட்டப்புறத்தில் கங்காணி, கிராணி, தண்டல், வாத்தியார், பூசாரி ஆகியோரும் இருந்தார்கள். இத்தனை பெயர்களுள் குடும்பப் பெயராக உறைந்து, பிறப்புப் பத்திரத்தில் தலைமுறை தாண்டித் தொடர்வது மரைக்காயர் என்ற ஒன்றுதான். மலாய் எழுத்தில் அது 'மெரிக்கன்' ஆயிற்று. சில இடங்களில் 'மரிக்கான்'. கூலிம், பீடோங், சுங்கைப்பட்டாணி ரப்பர் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து பல்லாயிரம் பேரை அழைத்து வந்த கங்காணியின் பெயர் எந்தக் குடும்பத்தின் பெயராகவும் ஆகவில்லை.

இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம் எளிமையானது: கப்பல் வணிகம் பெருமைக்குரிய தொழில், ஆகவே பெயர் நிலைத்தது, தோட்ட வேலை தாழ்வாகக் கருதப்பட்டது, ஆகவே பெயர் அழிந்தது. இந்த விளக்கம் போதாது என்பதே என் வாதம். ஒரு தொழிற்பெயரை எடைபோட மூன்று கேள்விகள் வேண்டும். சொல் எங்கிருந்து வந்தது? அதைச் சுமந்தவர் அந்தத் தொழிலைச் செய்தாரா? தொழிலை விட்ட பேரனும் ஏன் அதைச் சுமந்தான்? மூன்றாவது கேள்விதான் முடிச்சு. குடும்பப் பெயர்களைப் பற்றி எழுதுவோர் பலர் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள்.

முதலில் சொல்லின் பிறப்பு. மரைக்காயர் என்பதற்கு இரண்டு வழிகள் காட்டப்படுகின்றன. ஒன்று, மரக்கலத்திலிருந்து வந்தது என்பது. மரக்கலராயர் என்பது தேய்ந்து மரைக்காயர் ஆயிற்று என்பார்கள். மற்றொன்று, கப்பலைக் குறிக்கும் 'மர்கப்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்பது. முதல் வழிக்கு வலுவான ஒரு சான்று மலாக்கா நீரிணைக்கு அப்பால், சுமத்ராவின் மேற்குக் கரையில் கிடைத்தது. பாருஸ் அருகே லோபு துவாவில் உள்ள 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, ஐந்நூற்றுவர் வணிகக் குழு வெட்டுவித்தது. அதில் 'மரக்கல நாயன்' என்ற தொழிற்பெயர் வருகிறது. மரக்கலத்தோடு ஒரு மதிப்புப் பெயரைச் சேர்த்துக் கப்பல் தலைவனைக் குறிக்கும் வழக்கம், அயலகத்துத் தமிழிலேயே 900 ஆண்டுகளுக்கு முன் இருந்தது என்று இதனால் தெரிகிறது. அதற்காக மரக்கல நாயன்தான் மரைக்காயர் ஆனார் என்று சொல்லிவிட முடியாது. அச்சு இருந்தது என்பது மட்டுமே நிறுவப்படுகிறது. அரபு வழியில் 'மர்கப்' என்பதன் இறுதி ஒலி எங்கே போயிற்று என்பதற்கு விடை வேண்டும். தமிழ் வழியில் 'கலம்' எப்படித் தேய்ந்தது என்பதற்கு விடை வேண்டும். என் சாய்வு தமிழ் வழியின் பக்கம். எனினும் இரண்டு வழிகளும் கப்பலில்தான் போய் முடிகின்றன. சொல்லின் வேரில் ஐயம் இருக்கலாம், பொருளில் பெரிய ஐயம் இல்லை.

இரண்டாவது கேள்வியில்தான் எளிய விளக்கம் தடுமாறத் தொடங்குகிறது. மரைக்காயர் எல்லாரும் கப்பல் வைத்திருந்தவர்களா? 17ஆம் நூற்றாண்டில் கீழக்கரையில் வாழ்ந்து, உமறுப் புலவரை ஆதரித்த சீதக்காதி என்னும் பெரியதம்பி மரைக்காயரைப் பொறுத்தவரை பெயரும் தொழிலும் ஒன்றே. அவர் பெரும் கடல் வணிகர். ஆனால் சோழமண்டலக் கரையிலும் பாண்டிக் கரையிலும் மரைக்காயர் என்பது ஒரு சமூகப் பிரிவின் பெயராகவும் இருந்தது. ஷாபி மத்ஹபைப் பின்பற்றிய அந்தப் பிரிவு, ஹனபி வழி ராவுத்தர்களிலிருந்து தன்னை வேறாக வைத்துக்கொண்டது. குதிரை வீரனைக் குறித்த ராவுத்தர் என்ற பெயரும் அப்படித்தான் தொழிலிலிருந்து பிரிவுக்கு நகர்ந்தது. மலையாளக் கரையில் மரைக்கார் என்பது கோழிக்கோட்டுச் சாமூதிரியின் கடற்படைத் தலைவர்களுக்கு உரிய பட்டம். அந்த வரிசையில் கடைசியாக வந்த குஞ்ஞாலி மரைக்காரைப் போர்த்துக்கீசியர் 1600இல் கோவாவில் கொன்றார்கள். இலங்கையின் கிழக்குக் கரையிலோ மரைக்கார் என்றால் பள்ளிவாசல் நிர்வாகப் பொறுப்பாளர். ஆக ஒரே சொல் ஓரிடத்தில் தொழில், ஓரிடத்தில் பிரிவு, ஓரிடத்தில் பட்டம், ஓரிடத்தில் பதவி. கெடாவுக்கு இந்தச் சொல் வந்து சேர்ந்தபோது அது வெறும் தொழிற்பெயராக வரவில்லை. மதிப்பும் பிரிவும் ஏற்கெனவே அதில் ஏறியிருந்தன. ஆகவே மெரிக்கன் என்று பெயர் இருப்பதைக் கொண்டு ஒருவருடைய முப்பாட்டன் கப்பல் ஓட்டினார் என்று முடிவு கட்டுவது தவறு. கடலோடு தொடர்புடைய ஒரு சமூகத்தில் பிறந்தார் என்பது வரைக்கும்தான் அந்தப் பெயர் சொல்லும்.

பரவலைப் பற்றிப் பேசுவோரும் இங்கே கவனமாக இருக்க வேண்டும். மலேசியாவில் இந்தப் பெயர் பினாங்கிலும் கெடாவிலும்தான் செறிந்திருக்கிறது. நாட்டின் சுகாதாரத் துறைத் தலைமை இயக்குநராக இருந்த டான்ஸ்ரீ இஸ்மாயில் மெரிக்கன் வழியாகப் பலருக்கும் அது அறிமுகம். இலங்கையிலும் காரைக்காலின் பிரெஞ்சு ஏடுகளிலும் மரிக்கார், சிங்கப்பூரில் மரிக்கான் என்று அந்தந்த ஊர் எழுத்தரின் காதுக்கேற்ப எழுத்து மாறியது. ஓர் எழுத்துக்கூட்டலை மட்டும் எண்ணினால் கணக்குக் குறையும். எல்லாவற்றையும் ஒரே குடும்பமாக எண்ணினால் கணக்குப் பிழையாகும். ஒரு பிரிவின் பெயர் பல வீடுகளில் தனித்தனியாகக் குடும்பப் பெயரானதால், இரண்டு மெரிக்கன்கள் இரத்த உறவினராக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

இப்போது மூன்றாவது கேள்வி. பேரன் ஏன் பெயரைச் சுமந்தான்? இதற்குப் பெருமை விடையாகாது. அப்துல் கலாமின் பெயரே அதற்குச் சான்று. அவருடைய தந்தை ஜைனுலாப்தீன், இராமேஸ்வரத்தில் படகு வைத்திருந்த மரைக்காயர். பெயருக்கும் தொழிலுக்கும் அதைவிடப் பொருத்தம் கிடைக்காது. ஆனால் மகனின் முழுப்பெயர் அவுல் பக்கீர் ஜைனுலாப்தீன் அப்துல் கலாம். முப்பாட்டன், பாட்டன், தந்தை மூவரும் அதில் இருக்கிறார்கள், மரைக்காயர் இல்லை. படகும் பெருமையும் இருந்த வீட்டில்கூடப் பட்டம் குடும்பப் பெயராக இறங்கவில்லை. அப்படியானால் கெடாவிலும் பினாங்கிலும் மட்டும் அது இறங்கக் காரணம் என்ன?

என் கணிப்பில் காரணங்கள் இரண்டு: சொத்து, மொழி மாற்றம். 1786இல் பிரான்சிஸ் லைட் கெடா சுல்தானிடமிருந்து பினாங்கைப் பெறுவதற்கு முன்பே, சூலியர் எனப்பட்ட தமிழ் முஸ்லிம் வணிகர்கள் கெடாத் துறைமுகத்தில் ஊன்றியிருந்தார்கள். அரண்மனைக்காக வாணிபம் செய்தவர்களும் அவர்களுள் உண்டு. பினாங்கு எழுந்ததும் அங்கேயும் பரவினார்கள். இந்தியச் சமூகத் தலைவரான கப்பித்தான் கெலிங்காக இருந்த காதர் முகைதீன் மெரிக்கனின் பெயரோடு 1801இல் கிழக்கிந்தியக் கம்பெனி கொடுத்த பள்ளிவாசல் நிலம் பிணைந்திருக்கிறது. அடுத்த தலைமுறைப் பெருவணிகர் முகம்மது மெரிக்கன் நூர்தீன் வக்பு சொத்துகளை விட்டுச் சென்றார். நிலப்பட்டா, உயில், வக்பு மூன்றுமே ஆங்கிலேய ஏட்டில் ஏறுபவை. யார் யாருக்கு வாரிசு என்பதைக் காட்ட அந்த ஏட்டில் மாறாத ஒரு பெயர் தேவைப்பட்டது. நூர்தீன் குடும்பத்தின் அடுத்த நகர்வு இதை இன்னும் தெளிவாக்குகிறது. சொத்தை உருவாக்கியவரின் இயற்பெயரான நூர்தீனே அந்தக் குடும்பத்துக்கு அடையாளப் பெயராகி, பினாங்கில் ஒரு தெருவுக்கும் பெயராயிற்று. பெயரை நிலைக்க வைத்தது தொழில் என்றால் இது நடந்திருக்காது. சொத்து எந்தப் பெயரில் இருந்ததோ அந்தப் பெயர் நின்றது.

மொழி மாற்றம் அடுத்த காரணம். இந்த வணிகர்கள் மலாய்ப் பெண்களை மணந்தார்கள். பிள்ளைகள் ஜாவி பெரானாக்கான் என்ற கலப்புச் சமூகத்தினர் ஆனார்கள். பிறகு மலாய்ச் சமூகத்தோடு கலந்தார்கள். வீட்டில் தமிழ் பின்வாங்கியது. சேலையும் மொழியும் போன பிறகு, வந்த கரையை நினைவூட்ட எஞ்சியது பெயரின் வால் ஒன்றே. அதனால் அதைப் பற்றிக்கொண்டார்கள். தமிழை விட்ட குடும்பங்களில் தமிழ்ச் சொல் நின்றது. தமிழை இன்றும் வீட்டில் பேசும் தோட்டத்துக் குடும்பங்களில் குடும்பப் பெயரே இல்லை. இந்த நிலைக்குப் பொருத்தமான விளக்கம் வேறொன்று எனக்குக் கிடைக்கவில்லை.

தோட்டத்துக்கு வருவோம். கண்காணிப்பவர் என்ற பொருளுடைய கண்காணி, சோழர் கல்வெட்டுகளிலேயே வரும் பழஞ்சொல். தொன்மையை மட்டும் பார்த்தால் மரைக்காயருக்கு அது இளைத்ததல்ல. ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் நிறுத்தப்பட்ட பின், ஆள் திரட்டும் வேலை பெரும்பாலும் கங்காணி கைக்கு வந்தது. அவர் ஊருக்குப் போய் உறவையும் அக்கம்பக்கத்தையும் திரட்டி வந்தார். கொண்டுவந்த ஆளுக்குத் தரகு. அந்த ஆள் காலை வருகைக் கணக்கெடுப்பான பெரட்டில் நின்று வேலைக்குப் போன நாளுக்குத் தலைக்காசு. அதிகாரம் இருந்தது, வருமானம் இருந்தது, ஊர் மதிப்பும் ஓரளவு இருந்தது. அப்படியும் பெயர் ஏன் இறங்கவில்லை?

கங்காணிக்குத் தோட்டத்தில் நிலம் இல்லை. அவர் குடியிருந்த வீடும் தோட்டத்துடையது. வேலை போனால் வீடும் போகும். வாரிசுக்கு எழுதி வைக்க எதுவும் இல்லாதபோது வாரிசுப் பெயரும் தேவைப்படவில்லை. 1938இல் உதவிபெற்ற கூலிக் குடியேற்றத்தை இந்திய அரசு தடைசெய்ததும் ஆள் திரட்டும் தொழிலே அற்றுப்போனது. தோட்டத்து வருகைப் பதிவேடான செக்ரோலுக்கு ஆளின் பெயரும் தகப்பன் பெயரும் போதும். வாய்வழக்கில் 'கங்காணி வீடு', 'பூசாரி மகன்' என்பவை ஓடின. ஆனால் அவை தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தோடு நின்றன, ஏட்டில் ஏறவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு, அதை மதிப்போடு சொல்ல வேண்டும். அந்தப் பெயரைச் சுமக்க மக்களே விரும்பவில்லை. பெரியார் 1929 கடைசியில் மலாயா வந்தார். அதே ஆண்டுச் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாட்டில் எழுந்த சாதிப்பட்ட ஒழிப்புக் குரல் இங்கும் கேட்டது. போருக்குப் பின் பீடோங்கின் ஹார்வார்டு தோட்டத்தில் ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. கள்ளை எதிர்த்து, தோட்டத் தொழிலாளிக்குத் தன்மதிப்பு வேண்டும் என்று நின்ற அந்த இயக்கம் 1947இல் அடக்கப்பட்டாலும் அதன் உணர்வு அடங்கவில்லை. அந்தக் காற்றில் வளர்ந்த பிள்ளை தன்னைக் கங்காணி என்றோ, சாதித் தொழிலைக் காட்டும் வேறொரு பட்டத்தாலோ அழைத்துக்கொள்ள என்ன தேவை? பீடோங்கில் 1942இல் பிறந்த எழுத்தாளர் கே. எஸ். மணியம், சலவைத் தொழிலாளர் குடும்பத்தின் கதையைத் தம் ஆங்கில நாவலில் எழுதினார். தொழில் கதையில் இருக்கிறது, பெயரில் இல்லை. அந்த 'மணியம்' கூடக் கிராம மணியக்காரரைக் குறிப்பதன்று, சுப்பிரமணியத்தின் சுருக்கம். ஒலியை மட்டும் பார்த்துத் தொழில் கண்டுபிடிப்போருக்கு இதுவே போதிய எச்சரிக்கை.

அரசின் கையையும் மறக்கக் கூடாது. கெடா 1909 வரை சயாமின் மேலாதிக்கத்தில் இருந்தது. அந்த ஆண்டு ஒப்பந்தத்தால் ஆங்கிலேயரிடம் வந்தது. நான்கே ஆண்டுகளில், 1913இல், சயாம் தன் மக்கள் அனைவருக்கும் குடும்பப் பெயரைக் கட்டாயமாக்கியது. எல்லைக்கோடு சற்று வேறாக விழுந்திருந்தால் கெடாத் தோட்டத்து வீடு ஒவ்வொன்றும் ஒரு பெயரைத் தேடிப் பிடித்திருக்க வேண்டும். மலாயாவில் அந்தக் கட்டாயம் வரவில்லை. 1957ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம்கூடத் தகப்பனின் குடும்பப் பெயரை, 'இருந்தால்' என்ற நிபந்தனையோடுதான் பேசுகிறது. தமிழருக்கு 'அனாக் லெலாக்கி', 'அனாக் பெரெம்புவான்' என்ற மகன், மகள் உறவே போதுமானதாக இருந்தது. பம்பாய்ப் பார்சிகள் எஞ்சினியர், கான்டிராக்டர் என்று புதுத் தொழில்களையே குடும்பப் பெயராக்கிக்கொண்டதை இதோடு வைத்துப் பார்க்கலாம். சொத்தும் நகர வாழ்வும் ஆங்கில ஏடும் கூடிய இடத்தில் தொழில் பெயராகிறது; மூன்றும் இல்லாத லயத்தில் ஆகவில்லை.

ஆகவே என் தீர்ப்பு இது. மெரிக்கன் என்ற பெயர் கடலிலிருந்து பிறந்தது உண்மை. அதை நிலைக்க வைத்தவை பட்டாவும் உயிலும் மொழி இழப்பும். கங்காணி குடும்பப் பெயராகாதது தாழ்வின் அடையாளமல்ல. அடக்குமுறையின் பெயரைப் பேரன் தலையில் சுமத்தாமல் விட்டது நல்லதே. ஆனால் இழப்பே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். தகப்பன் பெயர் மட்டும் ஒட்டும் முறையில் பாட்டன் பெயர் அடுத்த பிறப்பிலேயே உதிர்கிறது. ரஜூலா கப்பலில் வந்து இறங்கியவரின் பெயரைக் கொள்ளுப்பேரன் எந்தப் பத்திரத்திலும் காண முடியாது. இதற்கு மருந்து புதிதாக ஒரு குடும்பப் பெயரைக் கட்டிக்கொள்வதல்ல. பாட்டன், முப்பாட்டன், அவர்களுக்கு இணையாகப் பாட்டி, அவள் தாய் ஆகியோரின் பெயர்களையும், பால்வெட்டிய தோட்டத்தின் பெயரையும், புறப்பட்ட ஊரையும் ஒவ்வொரு வீடும் எழுதி வைக்க வேண்டும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாக மாறிவரும் கெடாவில் அந்த வேலையைத் தள்ளிப்போடக் கூடாது. கேட்டுச் சொல்லக்கூடிய பெரியவர்கள் இன்னும் இருக்கும்போதே அதைச் செய்தாக வேண்டும்.