வாட்கட்டர் தோட்டாவை ரசிப்பது எப்படி?

முதல் பார்வைக்கு அது முழுமை பெறாத பொருளாகத் தோன்றும். தோட்டா என்றதும் நம் மனதில் வருவது, பித்தளைக் கூட்டுக்கு மேலே கூம்பாக நீட்டிக்கொண்டிருக்கும் குண்டு. .38 ஸ்பெஷல் வாட்கட்டரில் அந்த முனையே இல்லை. ஈயக்குண்டு கூட்டின் வாயோடு சமமாக உள்ளே அமர்ந்திருக்கும். மேலிருந்து பார்த்தால் சாம்பல் நிறத்தில் ஒரு தட்டை வட்டம் மட்டும் தெரியும்.

அமெரிக்காவின் குறிபார்த்துச் சுடும் போட்டியாளர்கள் பல தலைமுறைகளாக இந்தத் தோட்டாவைத் தங்கள் வீட்டு மேசையிலேயே தயாரித்துவருகிறார்கள். வேட்டைக்கான தோட்டாவுக்கு வேகமும் பலமும் பெருமை. வாட்கட்டருக்கு அவை பொருட்டே அல்ல. ஐம்பது தோட்டா செய்தால் ஐம்பதும் ஒன்றுபோல இருக்கவேண்டும் என்பதுதான் அதைச் செய்பவரின் குறிக்கோள். அந்த ஒருமை எங்கெல்லாம் வெளிப்படுகிறது என்று தெரிந்துகொண்டால், துப்பாக்கியைக் கையால் தொடாதவர்கூட இந்தக் கைத்தொழிலை ரசிக்கலாம்.

அட்டையிலிருந்து தொடங்குங்கள்

சுட்டு முடித்த இலக்கு அட்டையை அருகில் வைத்துப் பாருங்கள். உருண்டை முனையுள்ள குண்டு காகிதத்தைத் தள்ளிக் கிழித்துக்கொண்டு போகும். ஓரம் பிசிறடித்து, துளை குண்டைவிடச் சிறிதாகச் சுருங்கிவிடும். வாட்கட்டரின் தட்டை முகமோ, அலுவலகத்தில் கோப்புக்குத் துளைபோடும் பஞ்சைப் போல, காகிதத்தை வட்டமாக வெட்டி எடுத்துவிடும்.

இதில் அழகோடு கணக்கும் இருக்கிறது. அமெரிக்கப் போட்டி விதிப்படி, துளையின் ஓரம் உயர்ந்த மதிப்புள்ள வளையத்தின் கோட்டைத் தொட்டாலே அந்த உயர்ந்த புள்ளி கிடைக்கும். .38 குண்டின் விட்டம் சுமார் 9 மில்லிமீட்டர். அந்த விட்டம் முழுவதும் காகிதத்தில் தெளிவாகப் பதிந்தால் ஒன்பதா பத்தா என்ற வாக்குவாதத்துக்கு இடமிருக்காது. பத்துப் புள்ளி வளையத்துக்கும் நடுவே எக்ஸ் என்ற சிறு வளையம் உண்டு. இருவர் சமமான புள்ளி எடுத்தால் எக்ஸ் எண்ணிக்கைதான் வெற்றியாளரைத் தீர்மானிக்கும்.

அவசரமில்லாத குண்டு

.38 ஸ்பெஷலின் வழக்கமான வாட்கட்டர் குண்டு 148 கிரெய்ன், அதாவது சுமார் 9.6 கிராம் எடை கொண்டது. அது நொடிக்கு 700 முதல் 750 அடி வேகத்தில் போகும். ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 1,100 அடி. ஒலியைவிட மெதுவாகப் போகும் இந்தக் குண்டால் கையில் உதைப்பும் குறைவு. ஒற்றைக் கையால் சுடும் போட்டியில், அடுத்த குண்டுக்குக் குறி திரும்புவதற்கு அந்த மென்மை பெரிதும் உதவுகிறது.

குண்டின் அடிப்பகுதியையும் கவனியுங்கள். பல வாட்கட்டர்களின் அடியில் ஒரு குழிவு இருக்கும். பவுடர் எரியும்போது எழும் அழுத்தம் அந்தக் குழிவின் மெல்லிய சுவரை வெளிப்பக்கமாக விரிக்கும். விரிந்த சுவர் குழலின் உட்புறத்தோடு ஒட்டி, வாயு கசியாமல் அடைக்கும். மென்மையான ஈயம் இங்கே பலவீனமல்ல, தேவை. அதே மென்மைதான் எல்லையையும் வகுக்கிறது. அளவுக்கு மீறிய அழுத்தத்தில் அந்தச் சுவர் அறுந்து குழலுக்குள்ளேயே தங்கிவிடலாம். அதனால் இதை வேகப்படுத்த நினைப்பது மடமை.

தட்டை முகம் காற்றோடு மோதுவதால் வாட்கட்டர் தூரப் பயணத்துக்கு உதவாது. 25, 50 கஜம் அதன் ராஜ்ஜியம். குழலின் உட்புறத்தில் சுருளாக ஓடும் பள்ளங்கள் குண்டைச் சுழற்றி, வழியில் தடுமாறாமல் போகவைக்கின்றன. ஸ்மித் அண்ட் வெசன் ரிவால்வரில் 18¾ அங்குலத்துக்கு ஒரு சுற்று, கோல்ட்டில் அதைவிட வேகமான சுற்று. காவல்துறையினருக்காக உருவான பி.பி.சி. போட்டியில் 50 கஜத்திலிருந்தும் சுடவேண்டும் என்பதால், அதில் பலர் வேகமாகச் சுழற்றும் குழல்களைத் தேடிப் பொருத்திக்கொண்டார்கள்.

மேசையில் நடக்கும் வேலை

சுட்ட கூட்டைச் சுத்தம் செய்து பழைய அளவுக்குக் கொண்டுவருவது, பவுடரைப் பற்றவைத்து எரிந்துபோன பிரைமரை நீக்கிப் புதிது பொருத்துவது, கூட்டின் வாயைச் சற்று விரிப்பது, பவுடர் இடுவது, குண்டை அமர்த்துவது, வாயை மீண்டும் இறுக்குவது என வேலைகள் வரிசையாகப் போகும். வரிசையை ஒரே நாளில் கற்றுவிடலாம். கைத்திறன் நுணுக்கங்களில் இருக்கிறது.

கூட்டின் நீளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கூடு சற்று நீளமாகவும் அடுத்தது சற்றுக் குட்டையாகவும் இருந்தால் வாயின் இறுக்கம் மாறும், அழுத்தமும் கூடவே மாறும். அதனால் அக்கறையுள்ளவர் ஒரே நிறுவனத்தின் கூடுகளைப் பிரித்து, அளந்து, ஒன்றாக வைத்திருப்பார். குண்டை அமர்த்தும்போது அதன் மெல்லிய சுவர் கூட்டின் வாயில் சீவப்பட்டுவிடாமல் பார்த்துக்கொள்வார். ஈயத்தைக் கையாளும் வேலை என்பதால் காற்றோட்டமான அறையில் செய்து, முடித்ததும் கை கழுவுவார்.

பவுடரில் ஆபத்தும் நுட்பமும் சேர்ந்தே இருக்கின்றன. .38 ஸ்பெஷல் 1898-இல் கரும்பொடிக்காக வடிவமைக்கப்பட்ட தோட்டா. அதனால் கூடு பெரியது. இன்றைய புகையில்லாப் பவுடர் அதில் அடிப்பகுதியில் மட்டும் கொஞ்சமாகக் கிடக்கும். துப்பாக்கி சாய்ந்தால் பவுடர் முன்னே போகும், நிமிர்ந்தால் பின்னே வரும். அதற்கேற்ப வேகமும் சற்று மாறலாம். குறைந்த அளவிலும் சீராக எரிகிறது என்பதால்தான் ‘புல்ஸ்ஐ’ என்ற பவுடர் நூறாண்டுகளுக்கு மேலாகப் போட்டியாளர்களின் மேசையில் இருக்கிறது. அதே காலியிடத்தில் தவறுதலாக இரண்டு பங்கு பவுடர் விழுந்தாலும் வழியாது, வெளியே தெரியாது, துப்பாக்கியே சிதறும். குண்டு வைப்பதற்கு முன் வெளிச்சத்தில் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் எட்டிப் பார்ப்பவர்தான் நல்ல கைகாரர்.

துப்பாக்கியும் போட்டியும்

இந்தத் தோட்டாவுக்கென்றே துப்பாக்கியும் பிறந்தது. ஸ்மித் அண்ட் வெசன் 1961-இல் கொண்டுவந்த மாடல் 52, ரிவால்வர் தோட்டாவில் இயங்கும் அரைத்தானியங்கிப் பிஸ்டல். கூட்டின் வாயோடு சமமாக அமர்ந்த வாட்கட்டரை மட்டுமே அது ஏற்கும், அதுவும் ஒருமுறைக்கு ஐந்து. குண்டு கொஞ்சம் வெளியே நீட்டினாலும் அதன் மேகசின் இடம் தராது. ரிவால்வர்களில் அதே நிறுவனத்தின் கே-38, கோல்ட்டின் ஆபீசர்ஸ் மாடல் மேட்ச் இரண்டும் இன்றும் தேடி வாங்கப்படுகின்றன.

அமெரிக்கப் போட்டியில் 10 நிமிடத்தில் 10 குண்டு, 20 நொடியில் 5, 10 நொடியில் 5 என மூன்று வகை வேகங்கள் உண்டு. முழுப் போட்டிக்கு 270 குண்டுகள், 2,700 புள்ளிகள். அமெரிக்க வீரர் ஹெர்ஷல் ஆண்டர்சன் 1974-இல் அதில் 2,680 எடுத்தார். சராசரியைக் கணக்கிட்டுப் பாருங்கள்: ஒரு குண்டுக்கு 9.9-க்கும் மேல்.

உலகப் போட்டிகளில் இதன் உறவுக்காரர் 25 மீட்டர் சென்டர் ஃபயர் பிஸ்டல். அதில் பெரும்பாலோர் கையில் இருப்பது இன்னும் சிறிய .32 வாட்கட்டர். முப்பது குண்டு நிதானமாக, முப்பது குண்டு வேகமாக, மொத்தம் 600 புள்ளி. இந்திய வீரர் ஜஸ்பால் ராணா 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் இந்தப் பிரிவில் தங்கம் வென்றார். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 590 எடுத்து, அன்றைய உலக சாதனையைச் சமன்செய்து மீண்டும் தங்கம் வென்றார்.

இந்தியாவில் உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது ஆயுதச் சட்டப்படி குற்றம். ஆகவே மேசை வேலையை இங்கே யாரும் முயன்று பார்க்கவேண்டாம். போட்டியைப் பார்க்கத் தடையில்லை. அடுத்தமுறை ஒரு சென்டர் ஃபயர் போட்டியைப் பார்க்க நேர்ந்தால், புள்ளிப் பலகைக்குப் போகுமுன் துளைகள் எவ்வளவு நெருங்கி விழுந்திருக்கின்றன என்று பாருங்கள். சுட்டவரை மட்டுமல்ல, அந்தத் தோட்டாவைச் செய்தவரையும் சேர்த்துப் பாராட்டுங்கள்.