யூரியாவைக் காணாத பேனை

ரி.டி.எஸ். பேனை என்று கடைகளில் விற்கும் சின்னக் கருவியை இப்போது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பல வீடுகளில் காணலாம். பெரும்பாலும் ஆர்.ஓ. பில்டர் விற்க வருபவர்தான் அதை முதலில் காட்டுகிறார். கிணற்றுத் தண்ணீரில் முனையை வைத்தால் அறுநூறு, எழுநூறு என்று எண் ஏறுகிறது. பில்டர் தண்ணீரில் ஐம்பதுக்குக் கீழே நிற்கிறது. வீட்டுக்காரருக்கு நெஞ்சு பதறிப்போகிறது. அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்று அறியப் பேனையையும், நைத்திரேற்று காட்டும் தாளையும், கிருமி காட்டும் குப்பியையும் எங்கள் கிணற்றுத் தண்ணீரில் வைத்துப் பார்த்தேன்.

பேனைக்குத் தெரிந்தது ஒரே வேலை. நுனியிலுள்ள இரண்டு உலோக முனைகளுக்கிடையே தண்ணீர் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்று பார்த்து, லீற்றருக்கு இத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று கணக்குப் போடுகிறது. எங்கள் பக்கத்துத் தண்ணீரில் அப்படிக் கரைந்திருப்பதில் முக்கியமானது சுண்ணாம்புக்கல்லிலிருந்து வந்த கல்சியம். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவதும், சவர்க்காரத்தை நுரைக்க விடாததும் அதுதான். உலக சுகாதார நிறுவனம் ரி.டி.எஸ். அளவைச் சுவையின் கணக்கில்தான் வைத்திருக்கிறது: 600க்குக் கீழே சுவை நன்றாக இருக்கும், 1,000க்கு மேலே போனால் குடிக்க மனம் வராது. இதை நாக்கே சொல்லிவிடும்.

பிறகு ஒரு சோதனை. தோட்டத்துக்கு வாங்கிய யூரியாவில் ஒரு சிட்டிகையை பில்டர் தண்ணீர்க் கிளாசில் கரைத்துப் பேனையை வைத்தேன். எண் அசையவில்லை என்றே சொல்லலாம். இன்னொரு கிளாசில் அதே அளவு கறியுப்பைப் போட்டதும் ஆயிரத்தைத் தாண்டி ஓடியது. யூரியா கரைந்தாலும் அயன்களாகப் பிரிவதில்லை, அதனால் மின்சாரத்தைக் கடத்துவதும் இல்லை. நம் தோட்டங்களில் மூட்டை மூட்டையாகப் போகும் பசளை கிளாசில் கிடந்தும் பேனைக்குத் தெரியவில்லை. (அந்தக் கிளாசுகளைப் பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் உடனே கொட்டிவிட வேண்டும்.)

மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் யூரியாவை நைத்திரேற்றாக மாற்றிய பிறகு பேனைக்கு அது கொஞ்சம் தெரியும். ஆனால் அறுநூறில் ஐம்பது நைத்திரேற்றா, ஐம்பது சுண்ணாம்பா என்று அதனால் பிரித்துச் சொல்ல முடியாது. அந்த ஐம்பதில்தான் விஷயமே இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் நைத்திரேற்றுக்கு வைத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். திருநெல்வேலி, கோண்டாவில், உரும்பிராய்ப் பக்கத்துச் செம்மண்ணுக்குக் கீழே வெடிப்பும் குகையுமான சுண்ணாம்புக்கல். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இறைத்த தண்ணீர் பசளையையும் கரைத்துக்கொண்டு அதே நிலத்தடிக்குத் திரும்புகிறது. பல்கலைக்கழகத்தைச் சுற்றி ஒரு பரப்பு, இரண்டு பரப்புக் காணிகளில் வீடுகள் நெருங்கிவிட்டன. அவரவர் கிணற்றுக்கு எட்டத்தில் மலசலகூடக் குழி வெட்டினாலும், அது பக்கத்து வீட்டுக் கிணற்றுக்குக் கிட்டத்தான் வருகிறது.

நைத்திரேற்றுக்கு நிறமோ மணமோ சுவையோ இல்லை. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குப் பால்மா கரைத்துக் கொடுக்கும் வீடுதான் அதிகம் கவனிக்க வேண்டியது. நைத்திரேற்று கூடினால் குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் திறனை இழந்து, உதடும் நகமும் நீலம் பாரிக்கும். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்று போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடும். குளோரினுக்கும் அது அசையாது. நல்லெண்ணத்தோடு நெடுநேரம் கொதிக்க வைக்கும் தாய்மாருக்கு இதை யாராவது எடுத்துச் சொல்லத்தான் வேண்டும்.

ஆகவே என் கணக்கில் முதலில் வாங்க வேண்டியது நைத்திரேற்றுத் தாள். நுனியில் இரண்டு சிறு சதுரங்கள்: ஒன்று நைத்திரேற்றுக்கு, மற்றது நைத்திரைற்றுக்கு. ஒரு கணம் தோய்த்து, உதறி, ஒரு நிமிடம் பொறுத்தால் சதுரம் இளஞ்சிவப்பாகும். அதைப் போத்தலிலுள்ள நிறவரிசையோடு ஒப்பிட வேண்டும். கஷ்டம் இங்கேதான்: 25க்கும் 50க்கும் இடையிலான சிவப்பைக் குழல் விளக்கின் கீழ் பிரித்தறிய முடியாது. பகல் வெளிச்சத்தில், விறாந்தையில் வைத்துப் பார்த்தபோதுதான் எங்கள் தண்ணீர் இரண்டுக்கும் இடையில் நிற்கிறது என்று தெரிந்தது. சில போத்தல்களில் அளவு நைதரசன் கணக்கில் இருக்கும். அங்கே 10 என்றால் நைத்திரேற்றுக் கணக்கில் ஏறக்குறைய 44. இதைப் பார்க்காமல் வாங்கினால் ஆபத்தான தண்ணீரும் நல்லதாகத் தோன்றும். மாரிகால ஈரத்தில் தாள் கெட்டுப்போகும், மூடியை உடனே இறுக்குங்கள்.

கிருமிக்கான குப்பி 1982இல் இந்திய ஆய்வாளர்கள் மஞ்சா, மௌரியா, ராவ் வெளியிட்ட முறையில் இயங்குவது. கோடு வரை தண்ணீர் ஊற்றி மூடி வைத்தால், மலக்கழிவு கலந்திருந்தால் ஒன்றிரண்டு நாளில் கறுக்கும். நம் வெக்கைக்குத் தனிச் சூடேற்றி தேவைப்படவில்லை. எவ்வளவு கிருமி என்று அது சொல்லாது, சில நிலத்தடி நீர் கழிவில்லாமலும் கறுப்பதுண்டு. ஆனாலும் பெருமழைக்குப் பிறகு ஒருமுறை வைத்துப் பார்ப்பது நல்லது. கறுத்தால் கொதிக்க வைக்காமல் குடிக்கக் கூடாது.

பேனையை எறிந்துவிடச் சொல்லவில்லை. நம் நன்னீர் கடல்நீரின் மேல் மிதக்கும் வில்லை. மோட்டரை அளவுக்கு மீறி ஓடவிட்டால் கீழிருக்கும் உவர் மேலேறும். கோடையில் இறைக்கத் தொடங்குமுன் ஒரு தரம், அரைமணி கழித்து ஒரு தரம் பேனையை வைத்துப் பாருங்கள், எண் ஏறினால் நிறுத்த வேண்டிய நேரம் தெரியும். ஆர்.ஓ. சவ்வு பழுதாகிறதா என்று பார்க்கவும் அது உதவும். நைத்திரேற்று கல்சியத்தைவிட எளிதாகச் சவ்வைக் கடப்பதால், பில்டர் தண்ணீரிலும் ஒரு தாளைத் தோய்த்துப் பார்க்க வேண்டும்.

எண்ணெய், பூச்சிகொல்லி இரண்டையும் பேனை, தாள், குப்பி எதுவும் காட்டாது. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கு 2019இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வரை போனது; அப்படிச் சந்தேகம் வந்தால் ஆய்வுகூடம் ஒன்றே வழி. கிருமிப் பரிசோதனைக்குப் போத்தலை ஆய்வுகூடத்தாரிடமே கேட்டு வாங்கி, நிரப்பி, ஐஸ் வைத்து அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். ‘தண்ணி செக் பண்ண வேணும்’ என்று பொதுவாகச் சொல்லாமல், நைத்திரேற்று, மலக்கிருமியான ஈ.கோலி இரண்டையும் பெயர் குறித்து எழுதிக் கொடுங்கள்.