'டியூன்' படத்தின் மென்மை

டிஜிட்டல் காமிராவில் எடுத்த காட்சியைப் பார்த்துவிட்டு, "சினிமா போல இல்லையே, டி.வி. நாடகம் போல இருக்கிறதே" என்று நீங்களே சொல்லியிருக்கலாம். படம் அளவுக்கு மீறித் துல்லியமாக இருப்பதே குற்றம் என்று எண்ணி, காமிராவின் முன் சல்லாத் துணியைக் கட்டுவோர் உண்டு. கணிப்பொறியில் மங்கலாக்குவோரும் உண்டு. 2021-இல் வெளிவந்த 'டியூன்' என்னும் ஆங்கிலப் படத்தைப் பார்த்தால், இந்த எண்ணத்தில் பாதிதான் உண்மை என்பது விளங்கும்.

டெனி வில்னெவ் இயக்கிய இப்படத்தின் ஒளிப்பதிவாளர் கிரெய்க் ஃபிரேசர். ஜோர்டானின் வாடி ரம் பாலைவனத்தையும் அபுதாபியின் மணல் மேடுகளையும் டிஜிட்டல் காமிராவில்தான் பதிவு செய்தார்கள். பிறகு அந்தப் படத்தை 35 மி.மீ. படச்சுருளில் பதித்து, கழுவி, மறுபடியும் டிஜிட்டலாக மாற்றினார்கள். ஊரைச் சுற்றிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவது போன்ற வேலைதான்! அந்தச் சுற்றில் கிடைத்தது என்ன?

படச்சுருளின் பூச்சில் வெள்ளி உப்புப் படிகங்கள் ஒழுங்கின்றிச் சிதறிக் கிடக்கின்றன. வண்ணச் சுருளைக் கழுவியதும் வெள்ளி நீங்கி, அவ்விடங்களில் நுண்ணிய சாயத் திட்டுகள் நிற்கும். ஒரு பிரேமில் அவை இருக்கும் இடத்தில் அடுத்த பிரேமில் இரா. வினாடிக்கு 24 பிரேம்கள் ஓடும்போது பொருள்களின் விளிம்புகள் மூச்சு விடுவது போல மெல்ல அசைகின்றன. டிஜிட்டல் காமிராவின் ஒளியுணர் புள்ளிகளோ சதுரங்கக் கட்டங்களைப் போல் அசையாதவை. இன்னொன்றும் உண்டு. பளிச்சென்ற ஒளி சுருளின் அடிப்பகுதி வரை ஊடுருவி, அங்கே பட்டுத் திரும்பி, கீழே உள்ள சிவப்பொளி உணரும் அடுக்கில் மீண்டும் விழுகிறது. பழைய படங்களில் விளக்கைச் சுற்றி மங்கிய செந்நிற வளையம் தெரிவது இதனால்தான். வெறுமே மங்கலாக்கினால் இவற்றில் ஒன்றும் வராது. நடிகரின் கண் இமைதான் காணாமற்போகும்.

'டியூன்' படத்தின் பாலைவனக் காட்சிகளில் இந்த மென்மை அழகாகப் பொருந்துகிறது. வெயிலும் புழுதியும் முன்பே கலந்து நிற்கும் இடம் அது. இருண்ட அரண்மனை அறைகளிலோ முகமும் சுவரும் ஒன்றோடொன்று குழம்புகின்றன. 2022-இல் ஒளிப்பதிவுக்கான ஆஸ்கார் பரிசு பெற்ற படந்தான். ஆனாலும் அந்த அறைகளில் மென்மை கொஞ்சம் மிகையென்றே எனக்குப் படுகிறது.

காமிராவிலேயே அறவே வெளுத்துப்போன வானத்தைப் படச்சுருளாலும் மீட்க முடியாது. நீங்கள் 'டி.வி. தோற்றம்' என்று வெறுப்பது பெரும்பாலும் இந்த வெளுப்பையும், காமிராவின் மின்னணுச் சுற்று விளிம்புகளை ஒட்டி இழுக்கும் செயற்கைக் கோடுகளையும், வினாடிக்கு 50 முறை பதிவாகும் வழவழப்பான அசைவையுந்தான். ஆகவே சல்லாத் துணியைத் தேடுமுன் கூர்மையைக் கூட்டும் அமைப்பை அடியோடு குறையுங்கள். வேகத்தை 24 பிரேமில் வைத்து, ஒவ்வொரு பிரேமுக்கும் சுமார் 1/48 வினாடி ஒளி விழச் செய்யுங்கள். வானம் வெளுக்காத அளவுக்கு ஒளியைக் குறையுங்கள். அதன் பிறகும் தேவையென்று தோன்றினால் துணியைக் கட்டிப் பாருங்கள்.