சோலாசின் காதலும் கரந்த நோக்கமும்

பயோவேர் நிறுவனத்தார் 2014-ஆம் ஆண்டு வெளியிட்ட 'டிராகன் ஏஜ்: இன்குவிசிஷன்' என்னும் கணினி விளையாட்டில் வரும் சோலாஸ் என்பான், நல்லனோ தீயனோ என எளிதில் துணியவொண்ணாத பாத்திரம். ஆடுவோர் எல்ப் இனத்துப் பெண்ணைத் தலைவியாகக் கொண்டால் மட்டுமே அவன் காதல் நிகழும். தனித்துத் திரியும் மந்திரவாதியாக அறிமுகமாகும் அவனே, அவ்வினத்தார் வஞ்சகத் தெய்வமென அஞ்சும் பென்ஹாரெல் ஆவான். 2015-இல் வந்த 'டிரெஸ்பாசர்' என்னும் தொடர்ச்சி, ஆவியுலகையும் மண்ணுலகையும் பிரிக்கும் திரையை அமைத்தவன் அவனே என்றும், அதனைக் கிழித்து, இவ்வுலகை அழித்தேனும் பண்டையுலகை மீட்க முனைகின்றான் என்றும் காட்டுகின்றது.

தலைவியின் கையிற் பதிந்த குறி அவனுடைய கோளத்தின் ஆற்றலால் விளைந்ததாதலின், அதன்பொருட்டே அவன் காதலிப்பான்போல் நடித்தான் எனக் கருத இடமுண்டு. இக்கருத்தை நாம் ஏற்றற்கில்லை. தலைமை ஏற்பவர் வேற்றினத்தவராயினும், ஆணாயினும், அவன் உடனிருந்து உதவுகின்றான். ஆகவே அவன் நோக்கம் நிறைவேறக் காதல் வேண்டப்படுவதன்று. மேலும், கோளம் பகைவன்பால் இருக்கும்போதே அவன் தானே உறவை முறிக்கின்றான். பயன் கருதி நடிப்பவன், பயன் கிட்டுமுன் நடிப்பைக் கைவிடான். எனவே காதல் மெய்யே என்பது எம் துணிபு.

மெய்யாதலின் குற்றம் நீங்குமோ எனின், நீங்காது. முறிவு நிகழும் காட்சியே இதற்குச் சான்று. அவள் முகத்திற் பொறித்த கோலங்கள் பண்டை அடிமைகட்கு இடப்பட்டவை என்னும் உண்மையை ஆண்டு அவன் உரைக்கின்றான். அவற்றை நீக்கவும் முன்வருகின்றான். அவள் இனத்தின் பெருமையைக் குலைக்கும் உண்மையைக் கூறிய நா, தன் பெயரைக் கூறாது அடங்கிவிடுகின்றது. உண்மையைப் பகுத்து, ஒரு பகுதியை மட்டும் ஈதலே அவன் வஞ்சம். பின்னர் எல்லாம் வெளிப்பட்டபோதும், உடன்வர விழையும் அவளை அவன் மறுக்கின்றான். அவளுக்காகத் தானே முடிவுசெய்யும் இயல்பு ஈண்டும் மாறவில்லை.

நூலாயின் இவ்வஞ்சம் தலைவியளவில் நிற்கும். படிப்போர் விலகி நின்று நோக்குவர். விளையாட்டிலோ, அவள் மொழியும் விடைகளைத் தேர்ந்தவர் ஆடுவோரே. அறியாமையிற் செய்த தேர்வு தேர்வாகுமோ என்னும் வினா அவரையே சாரும். 2024-இல் வெளிவந்த 'தி வெயில்கார்ட்' என்னும் விளையாட்டில், அனைத்தும் அறிந்த தலைவி மனந்திரும்பிய சோலாசுடன் செல்லும் முடிவொன்றும் உண்டு. முன்னைய காதலிலும் இம்முடிவிலும் அன்பு ஒன்றே, அறிதலே வேறு. அறிந்து தேரும் உரிமையைக் காதலியிடமிருந்து கவர்ந்தமையே அவன் அறக்கேடு என்க.